என் மாணவி கேட்ட கேள்விகள்

வேலை போகப்போகிறது என்று தெரிந்தபோது எனக்கு நாற்பத்து மூன்று வயது. குன்னூரில் ஒரு தனியார் கல்லூரியில் பதினாறு வருடமாக கம்ப்யூட்டர் சயன்ஸ் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். சேருகிற பிள்ளைகள் வருடா வருடம் குறைந்தார்கள். முதலாமாண்டு வகுப்பில் ஒன்பது பேர் மட்டும் உட்கார்ந்திருந்த வருடம், அடுத்த கல்வியாண்டில் எங்கள் துறையே இருக்காது என்று நிர்வாகம் சொல்லிவிட்டது.

என்னோடு வேலை பார்த்துவிட்டு பெங்களூர் கம்பெனிக்குப் போயிருந்த சக ஆசிரியை ஒருத்தி என் விண்ணப்பத்தை அங்கே கொடுத்து வைத்தாள். ஒரு திங்கட்கிழமை காலை மெயில் வந்தது. மூன்று வாரம் கழித்து நேர்காணல். நான் சந்தோஷப்பட ஆரம்பிக்கும் முன்பே அவள் போனில் வந்துவிட்டாள்.

“மேடம், கோடிங் ரவுண்டு உங்களுக்கு ஒண்ணும் இல்லீங்க. சிஸ்டம் டிசைன் ரவுண்டுக்குத்தான் நல்லா தயாராகணும். பெரும்பாலும் சாட் ஆப்தான் கேப்பாங்க. கோடிக்கணக்கான பேரு ஒரே நேரத்துல மெசேஜ் அனுப்பிக்கிற மாதிரி ஒண்ணு கட்டணும், எப்படிக் கட்டுவீங்கன்னு கேப்பாங்க. ப்ரோக்ராம் எழுத வேண்டாம். படம் போட்டு நாப்பத்தஞ்சு நிமிஷம் நீங்க பேசணும். அவங்க நடுவுல நடுவுல குறுக்கே கேப்பாங்க.”

போனை வைத்ததும் பழைய பாடப்புத்தகங்களைத் தேடி எடுத்தேன்.

படிப்பதில் எனக்குச் சிரமம் இல்லை. கணவர் தேயிலை ஃபாக்டரி ஆபீசுக்குக் கிளம்பிப் போனதும் சாப்பாட்டு மேசையைத் துடைத்துவிட்டு உட்காருவேன். கல்லூரிக்கு அரை நாள் போனால் போதும் என்றாகியிருந்தது. பழைய வினாத்தாள்களின் பின்பக்கத்தில் பெட்டி பெட்டியாக வரைந்தேன். இந்தப் பெட்டி போன். இந்தப் பெட்டி சர்வர். ஒரு போன் அணைந்து கிடந்தால் அதற்கு வந்த மெசேஜை யார் வைத்திருப்பது? போய்ச் சேர்ந்தது என்ற பதில் வழியில் தொலைந்துபோனால், அதே மெசேஜை மறுபடி அனுப்புவார்களே, இரண்டாவது தடவை வந்ததைத் தூக்கி எறிய வேண்டும் என்று போனுக்கு எப்படித் தெரியும்? ஒரு க்ரூப்பில் ஆயிரம் பேர் இருந்தால் ஒரு ‘குட் மார்னிங்’ ஆயிரம் இடத்துக்குப் போக வேண்டுமே! எல்லாம் புரிந்தது. புரிந்ததை எழுதவும் முடிந்தது. வாய் திறந்து சொல்ல முயன்றால்தான் இரண்டாவது வாக்கியத்தைத் தாண்டவில்லை.

ஏன் என்று ஒரு வாரம் கழித்துத்தான் எனக்கே தெரிந்தது. பதினாறு வருடத்தில் என்னை யாரும் குறுக்கே கேட்டதில்லை. கேள்வி கேட்டது எப்போதும் நான்தான். பதில் தெரியாமல் நின்றது எப்போதும் எதிரே இருந்தவர்கள்.

கணவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை கேள்வி கேட்க உட்கார்ந்தார். நான் எழுதிக் கொடுத்த தாளை ஒரு கையிலும் இட்லியை இன்னொரு கையிலும் வைத்துக்கொண்டு, “ஒரு கோடிப் பேருக்கு சாட் ஆப் செய்யோணும். எப்படிச் செய்வே?” என்றார். நான் பேச ஆரம்பித்தேன். இரண்டு நிமிடத்தில் என் குரல் மெலிந்துகொண்டே போய் நின்றது. உள்ளங்கை வேர்த்திருந்தது. வெளியே பனி, வீட்டுக்குள் ஸ்வெட்டர் போட்டும் குளிருகிற நாள் அது.

“என்கிட்டப் பேசறதுக்கே இப்படி ஆச்சுன்னா?” என்றார் அவர். கேலி செய்யவில்லை. அவருக்கும் பயம் வந்துவிட்டது. “தெரிஞ்சவங்க யாராச்சும் இருந்தா அவங்ககிட்ட ஒருக்கா பேசிப் பாரு. எனக்கு இது சரியா தப்பான்னே தெரியலையே.”

சக ஆசிரியையிடம் சொன்னேன். அன்று சாயந்திரமே ஏற்பாடு செய்துவிட்டாள். “எங்க கம்பெனியில மெசேஜிங் டீம்லயே இருக்காங்க மேடம். இன்டர்வியூ எடுத்து எடுத்துப் பழகினவங்க. நம்ம நீலகிரிப் பொண்ணுதான். சனிக்கிழமை பத்து மணிக்கு ஒத்திகை மாதிரி ஒரு மாக் இன்டர்வியூ எடுக்கிறேன்னு சொல்லிட்டாங்க.”

வியாழக்கிழமை அந்தப் பெண்ணிடமிருந்து மெசேஜ் வந்தது. ‘வணக்கம் மேடம். நான் உங்க ஸ்டூடண்ட்தான். சனிக்கிழமை பார்க்கலாம்.’ பக்கத்தில் சின்ன வட்டத்துக்குள் ஒரு முகம். பெரிதாக்கிப் பார்த்தேன். கண்ணாடி புதிது. முகம் அதேதான்.

கல்லூரி வாசலில் மழைக்கு ஒதுங்கி நின்ற ஒரு மனிதரின் முகம் அதற்குப் பின்னாலேயே நினைவுக்கு வந்தது. நான் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய் எதற்கு வந்தேன் என்று தெரியாமல் நின்றேன்.

பத்து வருடத்துக்கு முன்பு அவள் இறுதியாண்டு படித்தாள். தேவாலாவில் எஸ்டேட் வேலை செய்கிற குடும்பம். இலங்கைத் தோட்டங்களிலிருந்து திரும்பி வந்தவர்கள். அதிகம் பேச மாட்டாள். ப்ராஜெக்டுக்கு எல்லோரும் நூலகக் கணக்கு, மருந்துக்கடைக் கணக்கு என்று செய்தபோது அவள் ஒரு சாட் ப்ரோக்ராம் எழுதிக் கொண்டுவந்தாள். லேபில் இருந்த இருபது கம்ப்யூட்டரும் ஒன்றோடொன்று பேசின. ஒன்றை அணைத்துவிட்டு மறுபடி போட்டால், இடையில் வந்த மெசேஜ்கள் வரிசையாக வந்து விழுந்தன.

அது எனக்கே எழுதத் தெரியாத ப்ரோக்ராம். அதனால்தான் எனக்குக் கோபம் வந்தது என்று இப்போது சொல்ல முடிகிறது. “எங்கிருந்து எடுத்தே?” என்று எல்லோர் முன்னாலும் கேட்டேன். அவள் பேசவில்லை. மறுபடி கேட்டேன். உதடு நடுங்கியதே தவிர பேச்சு வரவில்லை. பதில் இல்லாததே சாட்சி என்று எடுத்துக்கொண்டு அப்பாவைக் கூட்டிவரச் சொன்னேன்.

அந்த அப்பா கூடலூர் வந்து, ஊட்டி வந்து, மூன்று பஸ் மாறி அடை மழையில் குன்னூர் வந்து சேர்ந்தார். “புள்ள பொய் சொல்லாதுங்க டீச்சரம்மா” என்றார். ஆங்கிலத்தில் டைப் செய்து வைத்திருந்த கடிதத்தை நீட்டினேன். காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டார். ப்ராஜெக்டுக்குப் பூஜ்யம் போட்டு, வேறொன்று செய்யச் சொல்லி, பாஸ் மார்க் மட்டும் கொடுத்தேன்.

இதோடு முடிந்திருந்தால் தப்பாக நினைத்துவிட்டேன் என்று சொல்லிக்கொள்ளலாம். அவர்கள் போன பிறகு அந்த ப்ரோக்ராமைத் திறந்து வரி வரியாகப் படித்தேன். நடுவில் ஒரு இடத்தில், ஆங்கில எழுத்தில் தமிழாக, ‘இது ஏன் வேலை செய்யுதுன்னு தெரியல, தொடாதே’ என்று தனக்குத்தானே எழுதி வைத்திருந்தாள். இன்னொரு இடத்தில், ‘நேத்து இங்கதான் தப்பு, மூணு நாள் போச்சு.’ காப்பியடித்தவள் இப்படி எழுத மாட்டாள். எனக்கு அந்த நிமிடமே தெரிந்துவிட்டது. கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு ஐந்தரை மணி பஸ்ஸைப் பிடித்து வீட்டுக்கு வந்தேன். யாரிடமும் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை முழுவதும் மாக் இன்டர்வியூவை ரத்து செய்ய மெசேஜ் எழுதுவதும் அழிப்பதுமாக இருந்தேன். உடம்பு சரியில்லை என்று எழுதினேன். நெட் வேலை செய்யவில்லை என்று எழுதினேன். நான் எழுதும்போதெல்லாம் அந்தப் பக்கம் அவள் திரையில் ‘டைப்பிங்’ என்று காட்டும் என்பது திடீரென்று நினைவுக்கு வந்தது. அந்த வசதியை எப்படிக் கட்டுவது என்று முந்தின நாள்தான் படித்திருந்தேன். போனை விட்டெறிந்தேன்.

சாயந்திரம் கணவரிடம் சொன்னேன். முதல் தடவையாக.

“ஏனுங்க, அவ என்னைப் பழிவாங்கோணும்னுதான் ஒத்துக்கிட்டாளோ?”

அவர் டிவியை அணைத்தார். பிறகு, “அந்தப் பொண்ணு உன்னை ரெண்டு கேள்வி கேட்டுச் சங்கடப்படுத்தினா என்ன போச்சு? நீ போ. பேசிப்போட்டு வா” என்றார். அன்று அவர் என் பக்கம் பார்க்காமலே சாப்பிட்டார்.

சனிக்கிழமை பத்து மணிக்குத் திரையில் அவள் வந்தாள். “வணக்கம் மேடம். நல்லா இருக்கீங்களா?” என்று கேட்டாள். நான் பதில் சொல்வதற்குள், “நாம நேரா இன்டர்வியூ மாதிரியே போயிடலாம். முடிச்சிட்டுப் பேசலாம்” என்றாள். முகத்தில் சிரிப்பும் இல்லை, கோபமும் இல்லை.

முதல் பத்து நிமிடம் எப்படியோ போயிற்று. போன், சர்வர், மெசேஜ் சேமிக்கிற இடம் என்று வரைந்தேன். அவள் தலையாட்டிக்கொண்டே வந்தாள். பிறகு கேட்டாள்.

“ஒரு க்ரூப்புல ரெண்டு பேர் ஒரே நேரத்துல மெசேஜ் அனுப்பறாங்க. எது முதல்ல காட்டும்?”

“எந்த போன்ல முதல்ல அனுப்பினாங்களோ அது. போனோட நேரத்தைப் பார்த்து.”

“ஒரு போன்ல கடிகாரம் பத்து நிமிஷம் பின்னாடி ஓடுது. அப்போ?”

எனக்குப் பதில் தெரியும். இரண்டு நாள் முன்பு படித்திருந்தேன். அது எங்கோ போய்விட்டது. திரையின் மூலையில் சின்ன சதுரத்துக்குள் என் முகம் தெரிந்தது. உதடு நடுங்கிக்கொண்டிருந்தது. கூடத்தில் இருந்த கணவர் டிவியின் சத்தத்தைக் குறைத்தார். அவள் காத்திருந்தாள். நான் அவளிடம் கேட்டதுபோல அவள் இரண்டாவது தடவை கேட்கவில்லை.

“தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லலாம் மேடம்” என்றாள் கொஞ்ச நேரம் கழித்து. “அதுக்கு மார்க் குறைக்க மாட்டாங்க. பேசாம இருந்தாத்தான் எங்களுக்கு ஒண்ணும் புரியாது.”

“தெரியல” என்றேன். வகுப்பறையில் ஒருநாளும் சொல்லாத வார்த்தை.

“சரி. போன் கடிகாரத்தை நம்ப முடியாது. வேற யாரை நம்பலாம்?”

“சர்வரை.”

“அது என்ன செய்யணும்?”

“வந்த வரிசைக்கு நம்பர் போட்டுக் கொடுக்கணும். ஒவ்வொரு க்ரூப்புக்கும் தனியா.” பேசப் பேச மூச்சு வந்தது. ஆனால் அடுத்த கேள்வியில் மறுபடி விழுந்தேன், அதற்கடுத்த கேள்வியிலும். அவள் விடவில்லை. நாற்பத்தைந்து நிமிடம் முடிந்ததும் மணி பார்த்து நிறுத்தினாள்.

“உண்மையைச் சொல்றேன் மேடம். இது நிஜ இன்டர்வியூவா இருந்தா நான் உங்களை எடுத்திருக்க மாட்டேன். உங்களுக்கு விஷயம் தெரியுது. கேள்வி வந்தா உறைஞ்சு போறீங்க. அது மட்டும் சரியானா போதும். எங்க எங்க தப்புன்னு எழுதி அனுப்பறேன்.”

பழிவாங்க வந்தவள் பேசுகிற பேச்சு இல்லை அது. அந்த நிம்மதியில்தான் சொல்லிவிட்டேன் என்று நினைக்கிறேன். பெரிய மனது பண்ணிச் சொன்னதாக எழுதினால் அது பொய்.

“அந்த ப்ராஜெக்ட் விஷயம்…” என்று ஆரம்பித்தேன்.

“விடுங்க மேடம். ரொம்ப நாளாச்சு. நீங்க நிஜமாவே காப்பின்னு நெனச்சுட்டீங்க. எனக்கும் அன்னைக்கு வாயத் தொறந்து சொல்லத் தெரியல.”

“இல்லை. நீதான் எழுதினேன்னு எனக்கு அன்னைக்கே தெரியும். நீங்க போன பிறகு படிச்சுப் பார்த்தேன்.”

அவள் முகம் அப்படியே நின்றது. நெட் நின்றுவிட்டதோ என்று நினைத்தேன். பிறகு அவள் கண்ணாடியைக் கழற்றுவது தெரிந்தது.

“அன்னைக்கேவா?”

“ஆமா.”

“நீங்க தப்பா நெனச்சுட்டீங்கன்னுதான் இத்தனை வருஷமா நான் எல்லார்கிட்டயும் சொல்லிட்டு இருக்கேன். எங்கப்பாகிட்டயும்.” குரல் உயரவில்லை. “அவர் இன்னைக்கும் அந்தக் கையெழுத்தைப் பத்திப் பேசுவார் மேடம். நீங்களே போய் அவர்கிட்டச் சொல்லுங்க. நான் சொல்ல மாட்டேன்.”

திரை அணைந்தது.

செவ்வாய்க்கிழமை விடிந்ததும் கிளம்பினேன். கணவர் வருகிறேன் என்றார், வேண்டாம் என்றேன். ஊட்டியில் இறங்கி கூடலூர் பஸ் ஏறினேன். நடுவட்டம் தாண்டி பஸ் வளைந்து வளைந்து இறங்கும்போது என்ன சொல்வது என்று மனதுக்குள் ஓட்டிப் பார்த்தேன். ஒவ்வொரு வளைவிலும் முதல் வார்த்தை மாறியது. கூடலூரில் மழை. அங்கே இறங்கி, பஸ் ஸ்டாண்டில் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். திரும்பிப் போகிற ஊட்டி பஸ் ஒன்று எதிரே நின்றுகொண்டிருந்தது. ஏறிவிடலாம் என்று ஒருமுறை எழுந்துகூட விட்டேன். தேவாலா பஸ்ஸில் ஏறியது எப்படி என்று இப்போதும் சொல்லத் தெரியவில்லை.

கடைத்தெருவில் கேட்டதும் வீட்டைக் காட்டினார்கள். எஸ்டேட்டின் வரிசை வீடான லயத்தை விட்டு வந்து தனியாகக் கட்டின ஓட்டு வீடு. அவர் வாசல் திண்ணையில் மிளகைக் காம்பிலிருந்து பிரித்துக்கொண்டிருந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. என்னை அடையாளம் தெரிந்தது. “வாங்க டீச்சரம்மா” என்று எழுந்து நின்றார். அவர் எழுந்து நின்றது எனக்குத் தாங்கவில்லை.

வரும் வழியில் ஓட்டிப் பார்த்த எதுவும் வரவில்லை. உட்காராமலே சொன்னேன். “உங்க பொண்ணு அந்த ப்ரோக்ராமைத் தானாத்தான் எழுதினா. எனக்கு அன்னைக்கே தெரியும். தெரிஞ்சும் மாத்தல.”

அவர் கையில் ஒட்டியிருந்த மிளகை ஒவ்வொன்றாக முறத்தில் உதிர்த்தார். “நான்தான் அன்னைக்கே சொன்னேனுங்களே” என்றார். பிறகு நிமிர்ந்து, “ஒண்ணு கேக்கணும். நான் கையெழுத்து வச்சேனே, அந்தக் கடுதாசியில என்னதான் எழுதியிருந்துச்சி?” என்றார்.

இந்தக் கேள்வியை நான் நினைத்தே பார்க்கவில்லை. மகள் அவரிடம் சொல்லவில்லை என்று புரிந்தது. திண்ணைத் தூணைப் பிடித்துக்கொண்டேன்.

“சொல்லுங்க டீச்சரம்மா.”

“என் மகள் காப்பியடித்தது உண்மை, இனி இப்படி நடக்காமல் பார்த்துக்கொள்கிறேன்னு.”

அவர் திட்டியிருந்தால் நின்று கேட்டிருப்பேன். அவர் மெதுவாகச் சொன்னார்: “அப்ப எம்புள்ள திருடுச்சின்னு நானே எழுதிக் குடுத்திருக்கேன்.”

உள்ளே போய் ஒரு நோட்டுப் புத்தகமும் பேனாவும் கொண்டுவந்தார். “இப்பச் சொன்னதைத் தமிழ்ல எழுதுங்க. எனக்குத் தமிழ் வாசிக்க வரும்.”

எழுதினேன். என் கையெழுத்து சின்னப் பிள்ளை எழுதியதுபோலக் கோணலாக இருந்தது. அவர் வாங்கி, ஒவ்வொரு வார்த்தையாக விரல் வைத்து, சத்தமாகப் படித்தார். ‘தெரிந்தும்’ என்ற இடத்தில் நின்று, மறுபடி அந்த வரியை முதலிலிருந்து படித்தார். கையெழுத்துப் போடச் சொன்னார். போட்டேன். மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

“கூடலூர் பஸ்ஸு இப்ப வந்துரும். அந்தப் பக்கம் ரெண்டு நாளா ஆனை நிக்குது, தனியாப் போவாதீங்க” என்று குடையை எடுத்துக்கொண்டு பஸ் நிறுத்தம் வரை கூடவே வந்தார். பஸ் வந்ததும் திரும்பி நடந்தார்.

மறுநாள் காலை அவளிடமிருந்து மெயில் வந்தது. வணக்கம் இல்லை, நலமா இல்லை. நான் செய்த பதினொரு தப்புகள், ஒவ்வொன்றுக்கும் கீழே எப்படிச் சொல்லியிருக்க வேண்டும் என்று இரண்டு வரி. அவ்வளவுதான். அதை வைத்துக்கொண்டு மீதி நாட்கள் கணவரை எதிரே உட்கார வைத்து உரக்கப் பேசிப் பழகினேன்.

நேர்காணலில் இரண்டு பேர் இருந்தார்கள். சாட் ஆப்தான் கேட்டார்கள். குரல் இரண்டு இடத்தில் உடைந்தது, இருந்தாலும் கடைசி வரை பேசினேன். நான்கு நாளில் பதில் வந்தது. எடுக்கவில்லை.

அதற்குப் பிறகு இன்னும் மூன்று இடத்தில் முயன்றேன். கோயமுத்தூரில், மருத்துவமனைகளும் நோயாளிகளும் பேசிக்கொள்கிற ஆப் ஒன்றைச் செய்கிற சின்ன கம்பெனி என்னை எடுத்துக்கொண்டது. வீட்டிலிருந்தே வேலை, மாதம் ஒருமுறை மலை இறங்கிப் போய் வந்தால் போதும். அவளுக்கு எழுதினேன். ‘சரி மேடம்’ என்று பதில் வந்தது. அதற்குமேல் ஒன்றும் வரவில்லை.

தினமும் ஒன்பதரைக்கு டீம் மீட்டிங். என்னைத் தவிர எல்லோரும் முப்பது வயதுக்குள். என் முறை வருவதற்கு முன்பு இப்போதும் கை ஜில்லென்று ஆகிவிடுகிறது. ஸ்வெட்டர் கைக்குள் விரல்களை இழுத்துக்கொண்டு, மைக்கைத் திறந்து, நேற்று என்ன செய்தேன் என்று சொல்ல ஆரம்பிக்கிறேன்.